கிரீன் டீ: போடும் முறையும் குடிக்கும் நேரமும்

நம் மஹல்லாவில் பல வீடுகளில் இப்போது பால் டீக்குப் பதில் கிரீன் டீ வந்திருக்கிறது. நல்லதுதான். தினம் மூன்று டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் சீனி போட்டவருக்கு ஆறு ஸ்பூன் சீனி மிச்சம்; பெரிய பலன் அதில்தான். அதற்காகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கசக்கிறது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பால் டீ போல இலையைக் கொதிக்க விடுவதால் வரும் கசப்பு அது. தண்ணீர் கொதித்ததும் இறக்கி, சில நிமிடம் ஆறவிட்டு, கப்புக்கு ஒரு சிறு ஸ்பூன் இலை போட்டு மூடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள். தேன் சேர்த்தால் அதுவும் சர்க்கரைக் கணக்குதான்.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாமல் டீ தடுக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நம் வீட்டுப் பெண்களும் அந்தக் கணக்கில் உண்டு. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ரமலானில் நோன்புக் கஞ்சியோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். தராவீஹ் முடிந்து குடித்தால் சிலருக்குத் தூக்கம் வராது, சஹருக்கு எழுவது சிரமமாகிவிடும்.

உடல் இளைக்க என்று விற்கும் கிரீன் டீ மாத்திரைகள் பக்கமே போகாதீர்கள். அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.