வேர் சிகிச்சை செய்த பல் மறுபடியும் வலித்தால்...



சொத்தை ஆழமாகி நரம்பைத் தொட்டுவிட்ட பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் வழியே வேர் சிகிச்சை. பல்லின் வேருக்குள் மெல்லிய குழாய் உண்டு. அதிலுள்ள கெட்டுப்போன நரம்புச் சதையை எடுத்து, மருந்து நீரால் கழுவி, ரப்பர் போன்ற பொருளால் அடைப்பார்கள். பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கும். சில பற்கள் மட்டும் சில மாதங்களோ வருடங்களோ கழித்துத் தொல்லை தரும். "அவ்வளவுதான், புடுங்கிட வேண்டியதுதான்" என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

ஏன் மறுபடியும் வலிக்கிறது?

1. பாதியில் நிறுத்துவது: முதல் தடவையிலேயே வலி குறைந்துவிடும். "நடவு முடியட்டும்" என்பார் திருநள்ளாற்று விவசாயி. "கடலுக்குப் போயிட்டு வந்து பார்த்துக்கலாம்" என்பார் கிளிஞ்சல்மேட்டு மீனவர். ஆனால் தற்காலிக அடைப்பு சில வாரங்களே தாங்கும். அது தேய்ந்தால் எச்சிலோடு கிருமியும் உள்ளே போய்விடும்.

2. உறை போடாதது: வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் எளிதில் உடையும். அதற்கு உறை அவசியம்.

3. விடுபட்ட குழாய்: முன்பல்லில் பெரும்பாலும் 1 குழாய்தான். மேல் கடைவாய்ப் பல்லில் 3 அல்லது 4 இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தப்பினாலும் கிருமி அங்கே தங்கும்.

எது சாதாரணம்? எது ஆபத்து?

சிகிச்சைக்குப் பின் சில நாள் லேசான வலி இருப்பது இயல்பு. நாளுக்கு நாள் அது குறைய வேண்டும். வலி கூடினாலோ, ஈறில் சீழ்க் கொப்புளம் வந்தாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள். கன்னமோ கழுத்தோ வீங்கிக் காய்ச்சல் அடித்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், இரவானாலும் காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்.

கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் வீக்கம் வற்றலாம். வேருக்குள் இருக்கும் கிருமி போகாது. புகையிலையும் மண்ணெண்ணெயும் வைப்பது ஈறைப் புண்ணாக்கும்.

மறுசிகிச்சை எப்படி?

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உறையையும் பழைய அடைப்பையும் அகற்றி, குழாய்களை மீண்டும் சுத்தம் செய்து அடைப்பார்கள். அதிலும் குணமாகாவிட்டால், ஈறைத் திறந்து வேரின் நுனியை மட்டும் வெட்டி எடுக்கலாம். வேர் பிளந்திருந்தால்தான் பெரும்பாலும் பல்லை எடுக்க நேரிடும். புதுச்சேரி கோரிமேட்டில், 1990-ல் தொடங்கிய அரசு மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகளைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு

"வயித்துல புள்ள இருக்கு, பல்லைத் தொடக் கூடாது" என்பது தவறு. 4 முதல் 6 மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம். சீழும் வீக்கமும் இருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் சொல்லாமல் எந்த மாத்திரையும் வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் புண் சீக்கிரம் ஆறும்.

கணவர்மார்களே! மனைவியின் பல்வலி சின்ன விஷயமல்ல. அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்று நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

வலி நின்றால் வேலை முடிந்ததாகாது. உறை போட்டால்தான் முடிந்தது!