டின்னா, போத்தலா? ஜெர்மன் கோதுமை பீர் வாங்குகிறவர்களுக்கு

டின் பீர் என்றால் மட்டம், போத்தல் என்றால் தரம் என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. விருந்துக்கு வருகிறவர் கையில் டின் அட்டையைப் பார்த்தால் "என்னப்பா, போத்தல் கிடைக்கலையா?" என்று ஒருவராவது கேட்டுவிடுவார். வேலை நிமித்தம் சில ஆண்டுகள் மியூனிக்கில் இருந்தவன் நான். அங்கேயும் இதே எண்ணம்தான். ஆனால் அங்கே அதற்கு நியாயம் இருக்கிறது, சிங்கப்பூரில் இல்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் கோதுமை பீருக்கு அளவுகோலே வேறு.

பவேரியாவில் பீர் வாங்குவது பெட்டிக் கணக்கில்தான். அரை லிட்டர் போத்தல் 20 கொண்ட பிளாஸ்டிக் பெட்டி. போத்தலுக்கு 8 சென்ட் வைப்புத்தொகை, காலியைத் திருப்பிக் கொடுத்தால் அது கைக்கு வந்துவிடும். போத்தல் ஆலைக்குப் போய்க் கழுவப்பட்டு மறுபடி நிரம்பி வரும். பல சுற்று வந்த போத்தலை அடையாளம் காண்பது எளிது. ஒன்றோடொன்று உரசி, தோள்பட்டையிலும் அடிப்பக்கத்திலும் வெள்ளை வளையமாகத் தேய்ந்திருக்கும். டின்னுக்கோ வைப்புத்தொகை 25 சென்ட். 2003 ஜனவரியில் இந்த விதி வந்தபோது டின் பீர் பேரங்காடித் தட்டுகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. பிறகு மெல்லத் திரும்பி வந்தாலும், ஊர்க்காரர்கள் மனதில் அது ரயில் பயணத்துக்கும் கால்பந்துத் திடலுக்கும் உரிய பொருளாகவே தங்கிவிட்டது.

இங்கே வந்து சேரும் போத்தல் எங்கே திரும்பிப் போகிறது? ஒரு வழிப் பயணம்தான். அரை லிட்டர் கண்ணாடிப் போத்தல் காலியாகவே முந்நூற்றைம்பது கிராமுக்கு மேல் நிற்கும். அதே அளவு அலுமினிய டின் சுமார் 16 கிராம். 24 போத்தல் என்றால் வெறும் கண்ணாடியே எட்டு, ஒன்பது கிலோ. அதை ஹாம்பர்க்கிலிருந்து கப்பலேற்றி, உடையாமல் இறக்கி, லாரியில் ஏற்றி வருகிற செலவு உங்கள் ரசீதில்தான் விழுகிறது. வரியில் வித்தியாசம் கிடையாது. சிங்கப்பூரில் பீருக்கான கலால் வரி ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி. 5.3 விழுக்காடு உள்ள அரை லிட்டர் பீரில் 26.5 மில்லிலிட்டர் ஆல்கஹால் இருக்கிறது, ஆக வரி ஒன்றரை வெள்ளிக்குச் சற்று மேல். அது டின்னா, போத்தலா என்று சுங்கத்துறை கேட்பதில்லை. பொருள் சேவை வரி தனி.

விலை ஒருபுறம் இருக்கட்டும், சுவைக்கு வருவோம். ஹெஃபவைட்சன் என்றும் வைஸ்பியர் என்றும் சொல்லப்படும் இந்த பீரில் மால்ட்டில் பாதிக்குக் குறையாமல் கோதுமை இருக்க வேண்டும். வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வெளியிலிருந்து சேர்ப்பவை அல்ல, ஈஸ்ட் தருபவை. 1516-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பவேரியத் தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. கோதுமை பீர் காய்ச்சுவது பிரபுக்களின் தனி உரிமையாகவும், 1602-க்குப் பிறகு ஆளும் குடும்பத்தின் உரிமையாகவும் இருந்தது. 1872-ல் கியோர்க் ஷ்னைடர் அந்த உரிமையை அரசர் இரண்டாம் லூட்விக்கிடமிருந்து பெற்றார். சட்டம் எல்லோருக்கும் பொது என்பது அப்போதும் அப்படித்தான் போலிருக்கிறது!

வடிகட்டாமல் ஈஸ்ட்டோடு வரும் பீர் என்பதால் அதற்கு மூன்று பகைகள் உண்டு. வெளிச்சம், காற்று, சூடு. ஹாப்ஸின் கசப்புப் பொருளில் வெளிச்சம் பட்டால் குமட்டும் நாற்றம் ஒன்று உண்டாகும். பழுப்புக் கண்ணாடி பெரும்பகுதி வெளிச்சத்தைத் தடுக்கும், முழுவதையும் அல்ல. டின்னுக்குள் வெளிச்சம் நுழையவே முடியாது. போத்தலின் மூடி வழியாக நுண்ணளவு காற்று மாதக்கணக்கில் உள்ளே கசியும், டின்னில் அந்தக் கசிவு இல்லை. ஆனால் இரண்டையும் விட்டுவைக்காத பகை சூடுதான். வெப்பம் 10 பாகை கூடினால் பீர் கெடும் வேகம் இரண்டு மடங்காவது ஏறும். நிலவறையில் எட்டு மாதம் தாங்குகிற சரக்கு, குளிர்சாதனம் இல்லாத கிடங்கில் இரண்டு மாதத்திலேயே முகம் மாறிவிடும்.

அந்த மாற்றத்தை நாக்கால் கண்டுபிடிக்கலாம். முதலில் வாழைப்பழம் போய்விடும். பிறகு ஈர அட்டைப்பெட்டி வாசனையும் பழைய தேன் வாசனையும் தலைகாட்டும். ரொம்பவும் வெந்துபோன சரக்கில் ஈஸ்ட் செத்து உடைந்து, சோயா சாஸ் போல ஒரு கரிப்பு அடிநாக்கில் நிற்கும். அக்கம்பக்கத்துக் கடை ஒன்றில், வெயில் விழும் கண்ணாடிச் சுவரோரம் அழகாக அடுக்கியிருந்த போத்தல்களில் ஒன்றை வாங்கி இதை நன்றாகவே அறிந்துகொண்டேன். கடைக்காரர் மேல் தப்பில்லை, அவருக்கு அது கண்ணைக் கவரும் பண்டம். அன்றிலிருந்து குளிர்ப்பெட்டிக்குள் இருப்பதையோ, அட்டைப்பெட்டியில் மூடியிருப்பதையோதான் எடுக்கிறேன்.

"டின்ல இரும்பு வாடை அடிக்கும் மச்சான்" என்பார் என் நண்பர். டின்னின் உள்பக்கம் முழுக்க மெல்லிய பூச்சு இருக்கிறது. பீர் உலோகத்தைத் தொடுவதே இல்லை. வாடை வருவது டின்னிலிருந்தே குடிக்கும்போதுதான். உதடு மூடியில் படுகிறது, மூக்கு அதன்மேல் நிற்கிறது. ஒரு சனிக்கிழமை, அவர் பார்க்காதபடி ஒரே நிறுவனத்தின் டின்னையும் போத்தலையும் தனித்தனிக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். தேதி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் மாறிமாறி முகர்ந்துவிட்டு டின்னைத்தான் "இது போத்தல்" என்றார். இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

போத்தல் ஜெயிக்கிற இடமும் இருக்கிறது. சில ஆலைகள் பீரைப் போத்தலில் அடைத்த பிறகும் உள்ளேயே நொதிக்க விடுகின்றன. ஷ்னைடர் வைஸ அந்த வகையைச் சேர்ந்தது. சாதாரண பில்ஸ்னரில் லிட்டருக்கு 5 கிராம் அளவில் கரியமிலவாயு இருக்கும். கோதுமை பீரில் அது 6, 7 கிராம் வரை போகும், போத்தலுக்குள் நொதித்ததில் அந்தக் குமிழி இன்னும் பொடியாக, நாக்கில் பட்டுப்போல விரியும். லேபிளில் ஜெர்மனில் 'ஃப்ளாஷன்கேருங்' என்று இருந்தால் அதுதான். அப்படிப்பட்டது புதுத் தேதியோடு, குளிரில் இருந்தபடி கிடைத்தால் போத்தலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. இருபத்தெட்டு, முப்பது பாகையில் கிடந்த சரக்கு என்றால், உயிருள்ள ஈஸ்ட் உள்ள அந்த போத்தல்தான் முதலில் கெடும்.

தேதியைப் பார்ப்பது எப்படி? டின்னின் அடிக்குழியில் அச்சிட்டிருப்பார்கள், போத்தலில் லேபிள் ஓரத்திலோ கழுத்திலோ இருக்கும். ஜெர்மானியர் எழுதும் வரிசை நாள், மாதம், ஆண்டு, நமக்குக் குழப்பமில்லை. அது நிரப்பிய தேதி அல்ல, எதுவரை நன்றாக இருக்கும் என்ற கெடு. ஆகவே கெடு தூரத்தில் இருப்பதே புதுச் சரக்கு. பின்வரிசையில் கைவிட்டு எடுங்கள், புதிய சரக்கைப் பின்னால் அடுக்குவதுதான் கடைகளின் வழக்கம். கெடுவுக்கு ஓரிரு மாதமே இருக்கும்போது 'சிறப்பு விலை' அட்டை தொங்கும். நான் அதைத் தொடுவதில்லை. அளவையும் பாருங்கள். சில நிறுவனங்கள் டின்னை 500 மில்லியிலும் போத்தலை 330 மில்லியிலும் அனுப்புகின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விலை ஒன்றுபோலத் தெரியும், லிட்டருக்குக் கணக்கிட்டால் தெரியாது.

இனி ஊற்றும் விஷயம். பாதி பேர் கோதுமை பீரைக் கெடுப்பது இங்கேதான். டின்னிலிருந்தே குடித்தால் அடியில் தங்கிய ஈஸ்ட் அடியிலேயே நின்றுவிடும். காலி டின்னைக் கவிழ்த்துப் பாருங்கள், அடி உள்நோக்கிக் குவிந்திருப்பதால் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கிறது. வண்டல் அத்தனையும் அந்தப் பள்ளத்தில்தான் ஒட்டிக்கொள்கிறது. போத்தலில் வண்டலைக் கண்ணால் பார்க்கலாம், டின்னில் முடியாது. அதனால் டின்னுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். குடிக்கப்போகும் நாளில் சில மணி நேரம் ஃபிரிட்ஜில் தலைகீழாக வைத்து, எடுத்ததும் நிமிர்த்தி, ஒரு நிமிடம் ஆற விடுங்கள். குலுக்கினால் சுவருக்குத்தான் பீர்.

உயரமான வைட்சன் கிளாஸைக் குளிர்ந்த நீரில் அலசி, துடைக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக் கண்ணாடியில் நுரை அடங்கி ஏறும். கிளாஸைப் படுக்கிற அளவுக்குச் சாய்த்து, உட்சுவரை ஒட்டி மெல்ல இறக்குங்கள். போத்தலின் குறுகிய கழுத்து நிதானத்தைத் தானே தந்துவிடும். டின்னின் வாய் அகலம், அவசரப்பட்டால் மூன்றில் இரண்டு பங்கு நுரைதான் கிடைக்கும். அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம் வைத்து, டின்னை வட்டமாக நான்கைந்து முறை சுழற்றி, அந்தக் கலங்கலைக் கடைசியில் நடுவில் ஊற்றுங்கள். தெளிந்த மஞ்சள் கலங்கி ஆரஞ்சு கலந்த மேகமாக மாறும்போதுதான் கிராம்பு வாசனை எழும்.

கிளாஸில் எண்ணெய்ப் பசையோ சோப்போ இருந்தால் நுரை நிற்காது. மீன் வறுத்த கையோடு கிளாஸைத் தொடாதீர்கள். எலுமிச்சைத் துண்டு சேர்ப்பதும் வேண்டாம், தோலின் எண்ணெய் நுரையை அறுத்துவிடும். உறைபெட்டியில் வைத்துப் பனிக்கட்டியாக்கவும் கூடாது. 6 முதல் 8 பாகை போதும். அதற்குக் கீழே போனால் வாசனை அடங்கிவிடும்.

என் தீர்ப்பு இதுதான். மியூனிக்கில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போத்தல். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ பேரங்காடியில் எர்டிங்கர், பௌலானர், ஃபிரான்சிஸ்கானர் மாதிரி வழக்கமாகக் கிடைப்பதை வாங்குகிறீர்கள் என்றால் டின்னையே எடுங்கள். போத்தலுக்குள் நொதித்த வகை, கெடு தேதி தூரத்தில், குளிர்ப்பெட்டிக்குள் இருந்தால் மட்டும் போத்தல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். சிங்கப்பூரில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கடையில் விற்கமாட்டார்கள் என்பதால் தேதி பார்க்க நேரம் இருக்கும்படி கொஞ்சம் முன்னதாகவே போங்கள்.