எள்ளுப்பாகும் ஓட்ஸ் உருண்டையும்



இம்முறை மனையியல் பாடத்தில் அவணில் வைத்துச் சுடத் தேவையில்லாத ஒரு சிற்றுண்டியைச் செய்து பார்ப்போம். ஓட்ஸையும் பீனட் பட்டரையும் குழைத்துக் கையால் உருட்டும் உருண்டை இது. இங்குள்ள சமையல் புத்தகங்கள் புதுமை போலக் காட்டினாலும், ஊரில் அம்மம்மா உரலில் எள்ளுப்பாகு இடித்ததைக் கண்டவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே விளங்கும். வறுத்த எள்ளும், வறுத்த உழுத்தம்மாவும், பனங்கட்டியும் உலக்கை பட முதலில் பொடியாகத்தான் இருக்கும். இடிக்க இடிக்க எள்ளிலிருந்து எண்ணெய் கசியும். பாகு காய்ச்சாமலே எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பீனட் பட்டரிலும் நடந்தது இதுதான். உரலின் வேலையை இயந்திரம் செய்து போத்தலில் அடைத்திருக்கிறது.

சுடாத பலகாரம் இந்த நாட்டவருக்கும் பழக்கமானதே. பிறந்தநாள் விழாக்களில் வரும் சொக்கலட் கிராக்கிள்ஸின் செய்முறை 1937ஆம் ஆண்டிலேயே விமென்ஸ் வீக்லி சஞ்சிகையில் வெளிவந்தது. அதைப் பிடித்து வைப்பது கொஃபா எனப்படும் இறுகிய தேங்காய்க் கொழுப்பு. பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம், ஆனால் கொழுப்பும் ஐசிங் சீனியும் அதில் அதிகம்.

செய்முறைக்கு முன் என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். ஒரு சனிக்கிழமை தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஐஸ்கிறீம் வாளி நிறையக் கச்சான் உருண்டை கொண்டுபோனேன். மூடியைத் திறக்கும்போதே ஒரு தாய் ஓடிவந்து தன் மகனைத் தூரத்தில் இருத்தினார். அவனுக்குக் கச்சான் ஒவ்வாமை. மற்றப் பிள்ளைகள் தின்ற கையோடு அவனுடைய கொப்பியைத் தொட்டாலே பயம் என்றார். வாளியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து பாடசாலைக்குக் கொடுக்கும் உருண்டைக்குச் சூரியகாந்தி விதைதான் பாவிக்கிறேன்.

150 கிராம் சூரியகாந்தி விதையை மெல்லிய நெருப்பில் மணம் வரும்வரை வறுத்து, இளஞ்சூட்டோடு கிரைண்டரில் போடுங்கள். முதலில் மாவாகும், பிறகு கட்டிபட்டு ஓரத்தில் ஒட்டும். அந்த இடத்தில் சரிவரவில்லை என்று பலரும் விட்டுவிடுவார்கள். விடாமல் வழித்துவிட்டு, கிரைண்டருக்குச் சற்று ஆறுதல் கொடுத்து மீண்டும் அரைத்தால் எண்ணெய் விட்டுப் பசையாகும். தேவையானால் ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்க்கலாம்.

விதை நீக்கிய 150 கிராம் பேரீச்சம்பழத்தை நான்கு மேசைக்கரண்டி சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மசியுங்கள். இரண்டு கோப்பை, அதாவது 180 கிராம் அளவு ஓட்ஸை வெறும் சட்டியில் ஐந்து நிமிடம் வறுத்து, பாதியை மாவாக்குங்கள். வறுக்காவிட்டால் பச்சை வாடை போகாது. எல்லாவற்றையும் அரைக் கோப்பை விதைப் பசை, ஏலப்பொடி, ஒரு சிட்டிகை உப்புடன் பிசைந்து, அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்தபின் உருட்டினால் இருபத்துநான்கு உருண்டை வரும். உதிர்ந்தால் இன்னும் சிறிது பசை; கையில் ஒட்டினால் ஓட்ஸ் மா.

“சீனி போடவில்லை, நீரிழிவுக்காரரும் சாப்பிடலாம்” என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். பேரீச்சம்பழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே. ஓர் உருண்டையில் ஒரு தேக்கரண்டிச் சீனிக்குச் சமமான இனிப்பு இருக்கிறது. ஓட்ஸின் நார்ச்சத்து கொலஸ்ட்ரோலைக் குறைக்க உதவும் என்பதும் மெய்தான், ஆனால் அதற்கு நாளொன்றுக்கு 75 கிராமளவு ஓட்ஸ் வேண்டும். இரண்டு உருண்டையில் இருப்பது 15 கிராம்! சிப்ஸ் பைக்கற்றுக்குப் பதிலாக என்று எண்ணிக் கொடுத்தால் போதும்.

பென்டில் ஹில் ஸ்டேஷனடிக் கடைகளில் நல்ல எள்ளு வாங்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டுக்கு நல்லது. பாடசாலைக்கு அதுவும் வேண்டாம், எள்ளும் ஒவ்வாமை தரும் பொருள். அதனால்தான் இந்நாட்டுச் சட்டப்படி பொதியில் அதைக் குறிப்பிடவேண்டும். முந்திரி, பாதாம் பருப்புகளும் அப்படியே. சூரியகாந்தி விதைப் பொதியிலும் கச்சானின் தடயம் இருக்கக்கூடும் என்று எழுதியிருக்கலாம். ஆகவே வாசித்து வாங்குங்கள். கோதுமைப் புரதமான குளூட்டன் ஆகாத பிள்ளைக்கு ஓட்ஸையும் மருத்துவரைக் கேளாமல் கொடுக்கக்கூடாது.

உதடு, முகம் வீங்கி, தடிப்பு எழும்பி, மூச்சுத் திணறினால் அது சாதாரண கடி அல்ல. பிள்ளையை நடக்கவிடாமல் படுக்கவைத்து, மூச்சு முட்டினால் காலை நீட்டி இருத்தி, அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டு, 000 அழையுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கடலை பதித்த உருண்டை கொடுக்கவேண்டாம், தொண்டையில் அடைத்துவிடும். பேரீச்சம்பழத்துக்குப் பதிலாகத் தேன் விடுபவர்கள் ஒரு வயதாகாத குழந்தைக்கு அதை நக்கவும் கொடுக்கக்கூடாது. பிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். கச்சான் உருண்டையும் விதை உருண்டையும் ஒரே நாளில் செய்வதானால் விதை உருண்டையை முதலில் உருட்டி, வேறு டப்பாவில் மூடி, பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.