சோதனைக்குச் சம்மதமா? அமெரிக்க வழக்குகள் தரும் பாடம்

கொள்முதலுக்குப் பணத்துடன் வண்டியில் செல்வது நம் தொழிலில் அன்றாட நிகழ்ச்சி. தேர்தல் காலத்தில் பறக்கும் படையிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு அலைந்த வணிகர்கள் அதன் அல்லலை அறிவார்கள். அமெரிக்காவில் இவ்வல்லல் எந்நாளும் வரலாம். அங்குள்ள 'சிவில் பறிமுதல்' முறையை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

இம்முறையில் வழக்கு ஆளின் மேல் அன்று, பொருளின் மேல். பணமும் வாகனமுமே எதிர்வாதிகள். உரிமையாளர் மீது குற்ற வழக்கே இல்லாவிட்டாலும் பொருள் அரசுக்குப் போய்விடலாம்.

1965-இல் ஒரு வழக்கு. வரி முத்திரையில்லாத 31 பெட்டி மதுவுடன் சென்ற காரை அதிகாரிகள் வாரண்ட் இன்றிச் சோதித்தனர். முறைகேடான சோதனையில் கிடைத்த சான்றை வைத்துக் காரைப் பறிமுதல் செய்ய முடியாது என்றது உச்ச நீதிமன்றம். உரிமையாளருக்கு இது பெரிய கவசம்.

ஆனால், அவரே மனமுவந்து சம்மதித்துவிட்டால் இந்தக் கவசம் பெரும்பாலும் பயன்படாது. மறுக்கும் உரிமை உண்டென்று காவலர் சொல்லியாக வேண்டியதில்லை என 1973-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறியாமல் சொல்லும் 'சரி' கூடச் சம்மதமாகிவிடலாம்.

2003-இல் நெப்ராஸ்காவில், வேகமாகச் சென்றதற்காக ஒரு வாடகைக் காரை நிறுத்தினர். ஓட்டியவர் பணம் இல்லை என்றார், சோதனைக்கும் சம்மதித்தார். குளிர்பெட்டியில் 1,24,700 டாலர் இருந்தது. போதைப்பொருள் அகப்படவில்லை, மோப்ப நாய் மட்டும் அடையாளம் காட்டியது. காய்கறி வியாபாரத்துக்குக் குளிர்சாதன லாரி வாங்கக் கூட்டாளிகள் சேர்த்த பணம் என்றனர். கீழ்நீதிமன்றம் அதை ஏற்றது. 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. பணத்தைக் கட்டி மறைத்ததும், முதலில் பொய் சொன்னதும் அவருக்கு எதிராக நின்றன.

இதில் நாம் கற்பவை மூன்று. முதலாவது, அங்கே சம்மதம் கேட்டால் பணிவாக மறுக்கலாம். தக்க காரணம் இருந்தால் சம்மதமின்றியும் சோதிப்பார்கள். அப்போது தடுக்கக் கூடாது. இரண்டாவது, பணம் வந்த வழிக்கும் போகும் வழிக்கும் காகிதம் உடனிருக்க வேண்டும். மூன்றாவது, அச்சத்தால் பொய் சொல்லக் கூடாது.

நம் நாட்டுச் சட்டம் வேறு. இங்கு அதிகாரிகளுக்குள்ள அதிகாரமும் வேறு. ஆனால் பின்னிரண்டு பாடங்களும் எல்லா ஊருக்கும் பொருந்தும். கணக்கை எழுதி வைத்தால் மட்டும் போதாது. வண்டி கிளம்பும்போது அதன் நகலும் கூடவே கிளம்பட்டும்.