வலிப்பு நோயும் வேலூர் தந்த விடையும்



ஒர்க்‌ஷாப்பில் லேத் அருகே நிற்கும் நண்பன் திடீரென்று விழுந்து கை கால் வெட்டி இழுத்தால் என்ன செய்வோம்? "சாவிக்கொத்தைக் கையில கொடு!" என்று நாலு பேர் கத்துவோம். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சாவி வந்து சேர்வதற்கும் வலிப்பு நிற்பதற்கும் நேரம் சரியாக இருக்கும். பெயர் சாவிக்குப் போய்விடும்.

வலிப்பு என்றால் என்ன?

மூளையின் நரம்பு செல்கள் நுண்ணிய மின் துடிப்புகளால் செய்தி அனுப்புகின்றன. பல செல்கள் ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் துடித்தால் அதுவே வலிப்பு. இது பேயும் அல்ல, சாபமும் அல்ல. வந்தவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்வதும் இல்லை.

வேலூரில் கண்டது

காஞ்சிக்கு அருகிலுள்ள வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். பிற்காலத்தில் சி.டி. ஸ்கேன் வந்தபோது, வலிப்பு நோயாளிகள் பலரின் மூளையில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. அதைக் காசநோய்க் கட்டி என்று கருதி டி.பி. மாத்திரை கொடுப்பது வழக்கமாயிருந்தது. டாக்டர்கள் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் அடங்கிய குழு அக்கட்டிகளை எடுத்துச் சோதித்தது. பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகள் என்று 1989-ல் 'லான்செட்' இதழில் அறிவித்தது. வேலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. அதன்படி 1000 பேரில் சுமார் 4 பேருக்கு வலிப்பு நோய்; அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இப்புழுவே.

"நாங்க சைவமாச்சே, எங்களுக்கு எப்படி?" என்று கேட்கலாம். சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவர் குடலில் புழு வளரும். அவர் மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கை, பச்சைக் காய்கறி, அசுத்தமான நீர் வழியாக யார் வயிற்றுக்கும் போகலாம். அங்கிருந்துதான் மூளைக்கு ஏறுகிறது. ஆகவே கழிப்பறையும் சோப்பும்கூட வலிப்புத் தடுப்பு மருந்துகளே!

மருந்தின் கதை

1912-ல் ஜெர்மனியின் ஹாப்ட்மன், தூக்க மருந்தான ஃபீனோபார்பிட்டால் வலிப்பையும் அடக்குவதைக் கண்டார். 1938-ல் அமெரிக்காவின் மெரிட், பட்னம் இருவரும் பூனைகளுக்கு மின்சாரம் செலுத்திச் சோதித்து, ஃபெனிடாயின் வலிப்பை அடக்குவதைக் கண்டறிந்தனர். இது நரம்பு செல்லுக்குள் சோடியம் நுழையும் வாயில்களைக் கட்டுப்படுத்தி, மிகையான துடிப்பை அடக்குகிறது.

ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் 100-ல் 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் இரத்தத்தில் மருந்தின் அளவு மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் போன்றது. தினம் நிரப்பாவிட்டால் வற்றிவிடும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று தானாக நிறுத்துவதே ஆபத்து. எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை டாக்டரே சொல்லவேண்டும்.

நாம் செய்யவேண்டியது

1. மெஷினை நிறுத்தி, கூரான பொருள்களை அகற்றுங்கள்.
2. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
3. வாயில் எதையும் திணிக்காதீர்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள்.
4. 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரி.

இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் வலிப்பு ஒரு தடையாகச் சேர்க்கப்பட்டது, 1999-ல் நீக்கப்பட்டது. சட்டம் மாறியும், "கல்யாணம் நின்னுடும்" என்று நோயை மறைக்கும் வீடுகள் உண்டு. மறைத்தால் மாத்திரையும் ஒளிந்து சாப்பிட வேண்டியதாகிறது, பிறகு விட்டுப்போகிறது. பக்கத்து பெஞ்சு நண்பன் நம் முன்னாலேயே கூச்சமின்றி மாத்திரை போட்டுக்கொள்ளட்டும். அந்தத் தைரியத்தை அவனுக்குத் தருவது நம் கையில்தான் இருக்கிறது.