பவுலிங் பந்தா? துளையை முதலில் பாருங்கள்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி மாலுக்குப் பவுலிங் ஆடக் கிளம்புகிறவர்களே, எடைக்கு முன் துளையைப் பாருங்கள். கட்டைவிரலை அடிவரை நுழைத்து, நடுவிரலையும் மோதிரவிரலையும் மற்ற இரு துளைகள்மேல் படுக்க வையுங்கள். விரல்களின் இரண்டாம் கணுக்கோடு துளையின் உள்விளிம்பைக் கால் அங்குலம் தாண்டி நின்றால் அளவு சரி. எட்டாத பந்து கட்டைவிரல் அடியில் வலியைத் தரும். தொளதொள துளையோ இன்னும் மோசம்: பந்து நழுவாமலிருக்க விரலை மடக்கி இறுக்குவோம், விடும்போது திசை மாறிவிடும்.

சொந்தப் பந்து வாங்குகிறீர்களா? முதல் கணுவரை மட்டும் விரல் நுழையும்படி துளைத்தால் சுழற்சி கூடும். ஆனால் நன்கு பழகியவர்களுக்கே அது சரிப்படும். நம்மூர்ப் புழுக்கத்தில் விரல் வீங்கும். கட்டைவிரல் துளையைச் சற்றுத் தாராளமாகப் போட்டு, உள்ளே டேப் துண்டுகளை ஒட்டிக்கொள்ளுங்கள். இறுகினால் ஒன்றை உரித்துவிடலாம். அளவு தப்பிய பந்தைத் தூக்கிப் போட வேண்டாம், துளையை அடைத்து மறுபடி துளைக்கலாம்.