முதலில் எடுக்க வேண்டிய ஊசி

அன்புள்ள கண்ணு,

கேஷுவாலிட்டியில் போஸ்டிங் தொடங்கிவிட்டது என்று உங்கம்மா சொன்னாள். ட்ரேயில் இத்தனை ஆம்பியூல் கிடக்கிறதே, மூச்சு முட்டி வருகிறவருக்கு எதை முதலில் எடுப்பது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

நம் எலப்புள்ளிப் பக்கம் மார்கழி, தை வந்தால் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். அறுவடை மெஷின் வயலில் இறங்கிவிட்டால் வைக்கோல் தூசியும் சேர்ந்துகொள்ளும். ஆஸ்துமாக்காரர்கள் வரிசையாக வந்து நிற்பது அப்போதுதான். இன்னொரு கூட்டத்துக்கு மாதமும் கிடையாது, நேரமும் கிடையாது: கடந்தை கொட்டியவர்கள், இறாலோ ஊசி மருந்தோ ஒத்துக்கொள்ளாதவர்கள். அவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

பனையேறும் அண்ணன் ஒருவரை ஆட்டோவில் தூக்கிவந்தார்கள். கழுத்திலும் காதோரத்திலும் கடந்தை கொட்டியிருந்தது. வழியில் ஒரு கிளினிக்கில் அலர்ஜிக்கான ஏவிலும் ஸ்டீராய்டான டெக்ஸாவும் போட்டு அனுப்பியிருந்தார்கள். அரிப்பு அடங்கியிருந்தது. ஆனால் குரல் கம்மி, உதடு தடித்து, பிபி 70க்கு இறங்கியிருந்தது. டாக்டர் சொன்னதும் அரை மில்லி அட்ரினலினைத் தொடையில் போட்டேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு இன்னொரு டோஸ். "கை நடுங்குதுங்க சிஸ்டர், நெஞ்சு படபடங்குது" என்று வாய்விட்டுப் பேசினார். அந்த நடுக்கமும் படபடப்பும் அட்ரினலின் செய்கிற வேலை. அதைப் பார்த்து நீ பயந்துவிடாதே.

இப்படி உயிருக்கே ஆபத்தாகும் கடும் ஒவ்வாமைதான் அனாபிலாக்சிஸ். அதில் ரத்தக்குழாய்கள் தளர்ந்து நீர் கசிகிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது. அட்ரினலின் ஒன்றுதான் குழாயை இறுக்கி, வீக்கத்தைக் குறைத்து, மூச்சுக்குழாயை விரித்து, இதயத்தையும் தூக்கிவிடுகிறது. ஏவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். ஹைட்ரோகார்ட்டிசோன் வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். இவற்றைப் பிறகு போடலாம். இவற்றை முதலில் போட்டுவிட்டு அட்ரினலினுக்குத் தயங்கி நிற்பதால்தான் உயிர் போகிறது. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

நம்மிடம் உள்ள ஆம்பியூலில் 1 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கும். பெரியவர்களுக்கு 0.5 மில்லி. குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். தொடையின் வெளிப்பக்கம், நடுவில், தசைக்குள் போட வேண்டும். கையில் தோலுக்கடியில் போட்டால் ரத்தத்தில் சேரத் தாமதமாகும். ஐவியாக நீயாக ஒருபோதும் கொடுக்காதே. உடைக்கும் முன் வெளிச்சத்தில் பார். மருந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் எறிந்துவிடு. நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்து. மூச்சு மிகவும் திணறினால் காலை நீட்டி உட்காரட்டும். பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து நிற்க மட்டும் விடாதே. நின்ற மாத்திரத்தில் இதயம் நின்றுபோனவர்கள் உண்டு. தேறிவிட்டார் என்று உடனே வீட்டுக்கும் அனுப்பக் கூடாது, சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை மறுபடியும் வரலாம்.

நாளை சப்சென்டரில் உன்னைப் போட்டால் அங்கேயும் இந்த ஆம்பியூல் இருக்கும். தடுப்பூசி போட்டுக்கொண்டவரை அரை மணி நேரம் உட்காரச் சொல்வது இதற்காகத்தான். டாக்டர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் வயதுக்கேற்ற ஒரு டோஸைத் தசையில் போட்டுவிட்டு 108ஐக் கூப்பிட நர்ஸுக்குப் பயிற்சி தருகிறார்கள். கேரளத்தில் 'கனிவு' 108 ஓடத் தொடங்கியது 2019இல். ஆம்புலன்ஸ் வந்துசேரும்வரை அந்த ஒரு டோஸ்தான் துணை.

ஆஸ்துமாவில் வரிசை வேறு. அங்கே சால்பியூட்டமால்தான் முதலில். 1969இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த மருந்து, இன்றும் அசைக்க முடியவில்லை. நெபுலைசர் இல்லையென்றால் கவலைப்படாதே. ஸ்பேசர் வைத்து 4 முதல் 10 பஃப், முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் அதே பலன் கிடைக்கும். கடுமையாக இருந்தால் இப்ராட்ரோபியம் சேர்ப்பார்கள், ஸ்டீராய்டை முதல் மணி நேரத்திலேயே கொடுப்பார்கள், அதற்கும் மசியாவிட்டால் மெக்னீசியம் சல்ஃபேட்டை 20 நிமிடத்தில் ஏற்றுவார்கள். வீஸிங் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்காதே. காற்றே உள்ளே போகாதபோதும் நெஞ்சு அப்படித்தான் அமைதியாகிவிடும். ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடு.

இன்ஹேலர் பழகினால் விடாது என்று நம் ஊரில் எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்பாய்! சால்பியூட்டமால் உள்ள நீல இன்ஹேலரை மட்டும் அடித்துக்கொண்டு, ஸ்டீராய்டு இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் சால்பியூட்டமால் மட்டும் போதாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜினா 2019இலேயே சொல்லிவிட்டது. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் நேரத்தில் இரண்டு நிமிடம் ஒதுக்கி, அவர் இன்ஹேலரை எப்படி இழுக்கிறார் என்று உன் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்.

கர்ப்பிணிக்கு அட்ரினலின் போடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தாய். போட வேண்டும், அதே டோஸ்தான். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவை.

அன்புடன்,
சித்தி